ஓடுபாதைக்கு அடியில் ஒரு தோட்டம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு யாரையாவது அழைத்துவரப் போனால், பார்க்கிங் கட்டணத்தைத் திட்டி முடித்ததும் எனக்குக் காய்கறித் தோட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1944 வரை அங்கே அதே பெயரில் ஒரு குக்கிராமம் இருந்தது. மேலே நல்ல விளைமண், அடியில் கூழாங்கல், தண்ணீர் தேங்காது. ஒரு காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் காய்கறி, பழம் ஏற்றிய குதிரை வண்டிகள் கோவென்ட் கார்டன் சந்தைக்குப் போகும். திரும்பும்போது லண்டன் தெருக்களின் குதிரைச் சாணம் வரும், வயலுக்கு உரமாக. சும்மா ஒரு நடை வீணாகாது!

பிறகு போர் வந்தது. அவசரகால அதிகாரத்தைக் காட்டி விமானத்துறை நிலத்தை எடுத்துக்கொண்டது. முறையான விசாரணை கிடையாது. ராணுவத் தேவை என்றார்கள். 1946-லேயே பயணிகள் விமானங்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன. நிலத்தை எடுத்தபோது அந்தத் துறையின் துணையமைச்சராக இருந்த ஹெரால்டு பால்ஃபர், 1973-ல் தன் நினைவுக்குறிப்பில் சாவகாசமாக ஒப்புக்கொண்டார்: நோக்கம் ஆரம்பத்திலிருந்தே பயணிகள் விமான நிலையம்தான், போர் வெறும் சாக்கு. இதைப் படித்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த விவசாயிகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பக்கத்து ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-ல் கட்டிய பெரிய மரக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுபாதைத் திட்டத்தில் அந்த ஊர் வீடுகளும் அடிபடுகின்றன.