பின்னால் நிற்கும் கம்பி

ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வீட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் யாகி ஆன்டெனாவைக் காட்டுவது வழக்கம். மூன்றே கம்பிகள். கேபிள் இணைப்பு நடுக்கம்பிக்கு மட்டும்தான். முன்னால் நிற்கும் டைரக்டருக்கும் பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டருக்கும் எந்த ஒயரும் கிடையாது. ஆனால் அவை இரண்டையும் கழற்றிவிட்டால் அலை ஒரு திசையில் குவியாமல் சிதறிவிடும்.

நம் நாட்டில் ஹாம் ரேடியோ தேர்வை 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். என் பேரன் அதில் தேறி உரிமம் வாங்கியதும், கையில் பிடிக்கிற மாதிரி லேசான ஆன்டெனா வேண்டும் என்றான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் 145.8 மெகாஹெர்ட்ஸில் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவதுண்டு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அந்த நிலையம், ஏறக்குறைய பத்து நிமிஷத்தில் நம் வானத்தைக் கடந்துவிடும். அதுவரை ஆன்டெனாவை அது போகும் பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கனமான அலுமினியக் குழாய் என்றால் கை கடுத்துப் போகும்.

ஹாம்கள் வழக்கமாகச் செய்வதையே நாங்களும் செய்தோம். ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்டீல் டேப், பி.வி.சி. பைப், அதற்கேற்ற கிராஸ், டீ, சில ஹோஸ் கிளிப். டேப்பை வெட்டி ரிஃப்ளெக்டருக்கு 105 செ.மீ., டைரக்டருக்கு 89 செ.மீ., நடுக்கம்பிக்கு 45 செ.மீ.யில் இரண்டு துண்டு. டேப்பின் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தால்தான் ஈயம் ஒட்டும். வெட்டிய முனை கத்தியாக இருக்கும்; இன்சுலேஷன் டேப் சுற்றியே தீர வேண்டும்.

கட்டி முடித்த பிறகுதான் பொறுமைக்கு வேலை. கேபிள் தானும் ஓர் ஆன்டெனாவாகித் திசையைக் கெடுக்கும். பைப்பிலேயே அதைச் சில சுற்று சுற்றிக் கட்டினால் அடங்கும். நடுத்துண்டுகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கொஞ்சம் வெளியே இழுத்து சக்தி திரும்பி வருகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். இல்லாவிட்டால் எதனால் சரியானது என்பதே தெரியாது.

ரிஃப்ளெக்டர் நடுக்கம்பியிலிருந்து 20 செ.மீ. பின்னால் இருந்தது.

"இன்னும் கிட்ட வெச்சா இன்னும் நல்லாத் தள்ளும்ல தாத்தா?"

"வெச்சுப் பாரேன்."

வைத்தான். மீட்டர் முள் சரசரவென்று ஏறியது. நெருங்க நெருங்க நடுக்கம்பியின் மின்தடை குறையும். 50 ஓம் கேபிளோடு அது ஒத்துப்போகாது. அனுப்பும் சக்தியில் ஒரு பங்கு ரேடியோவுக்கே திரும்பிவிடும். ரொம்பத் தள்ளி வைத்தாலோ, பின்பக்கத்து இரைச்சலைத் தடுக்க அதனால் ஆகாது.

ரிஃப்ளெக்டருக்குச் சொந்தச் சக்தி துளியும் இல்லை. நடுக்கம்பியின் அலை பட்டு அதில் மின்சாரம் பாய்கிறது. அது திருப்பி வீசும் அலை, முன்பக்கம் போகிற அலையோடு கூடுகிறது. பின்பக்கம் போவதை அழிக்கிறது. 5 வாட் கைரேடியோ அதே 5 வாட்தான் தருகிறது. போகிற திசை மட்டும் தெளிவாகிறது.

பிள்ளைகள் தலையெடுத்த வீட்டில் பெரியவர்களின் இடமும் அதுதான் என்பேன். சம்பாத்தியம் நம்மிடம் இல்லை, சாவியும் நம்மிடம் இல்லை. அதற்காக மூலையில் முடங்கவும் வேண்டாம், எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கவும் வேண்டாம். பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியமே அவர்களை முன்னால் தள்ளும்.

இதில் பெயர் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. நமக்கே கிடைத்துவிட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1926இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் இந்த ஆன்டெனாவுக்காக அதிகம் உழைத்தவர் இளையவரான ஷின்டாரோ உடா. பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி 1928இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில் உடாவின் பங்கைச் சொல்லியிருந்தார். இருந்தும் உலகத்தின் வாயில் 'யாகி' மட்டுமே நின்றது. பேரன் கட்டியதை 'தாத்தாவோட ஆன்டெனா' என்று யாராவது சொன்னால் நான் உடனே திருத்திவிடுவேன்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. வீட்டுக்கு வீடு மாறும். கொஞ்சம் நகர்ந்து நகர்ந்துதான் பிடிபடும். முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க, மருமகளின் முகத்தைவிட நல்ல மீட்டர் எந்தக் கடையிலும் விற்பதில்லை.