ஆற்ற கையில?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை. போன மே மாதம் ஊருக்குப் போனபோது அங்கே வைத்துத்தான் கூடப் படித்த நண்பன் சொன்னான்: "முள்ளிவாய்க்கால்ல அவ்வளவு பேரு செத்தாங்கங்கிறது சும்மாடா. காசு வசூலிக்கக் கட்டுன கதை."

பக்கத்தில் நின்றவர் மூட்டை இறக்கும் அண்ணன். 1990இல் படகேறி வந்து முகாமிலேயே நரைத்தவர். வன்னியில் தங்கிவிட்ட தங்கச்சி 2009இல் ஷெல் விழுந்து செத்துப்போனார். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

எனக்குக் கை நடுங்கியது. இவனையெல்லாம் உள்ளே தள்ள ஒரு சட்டம் வேண்டும் என்று தோன்றியது. ஜெர்மனியில் யூதப் படுகொலையை மறுத்தால் சிறைவரை போகலாம். பிரான்ஸில் 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. நமக்கு ஏன் இல்லை?

மறுநாள் அண்ணனிடமே கேட்டேன். சிரித்தார். "தம்பி, சட்டம் எண்டு வந்தா அது ஆற்ற கையில இருக்கும்?"

கோடு எழுதிப் பிழைப்பவன் நான். அட்மின் அனுமதி யாருக்கு என்பதுதான் முதல் கேள்வி என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போரில் பொதுமக்கள் சாவு பூஜ்ஜியம் என்று முதலில் சொன்னது டீக்கடை நண்பன் இல்லை, இலங்கை அரசு. 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அதே அரசிடம் வெறுப்புப் பேச்சைத் தடுக்க 2007இன் ஐசிசிபிஆர் சட்டம் இருக்கிறது. 2019இல் அதில் உள்ளே போனவர் சிங்களச் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார. மறுவருடம் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக அஹ்னாப் ஜசீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை ராத்திரியில் இடித்தார்கள்.

'அடி, கொளுத்து' என்று தூண்டுகிறவனுக்குச் சட்டம் வேண்டும். அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் மறுப்பைத் தண்டிக்கும் சட்டம், தன் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்ட நாட்டில்தான் பாதிக்கப்பட்டவனைக் காக்கும். ஜெர்மனி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாத அரசின் கையில் அதே சட்டம் கிடைத்தால், "நாற்பதாயிரம்" என்று சொல்கிற அண்ணன்தான் பொய்யன், அவர்தான் கைதி.

அப்போ நண்பனை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் அண்ணன் தங்கச்சியைப் பற்றிப் பேசினார். அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்தேன். 47 நிமிடம். "உன்ர சினேகிதனுக்கும் அனுப்பு" என்றார். அனுப்பினேன்.

நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.