கடல் கடந்து செல்லும் பிள்ளைகளுக்கு



கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்குகளில் பணியாற்றும் குருக்களுக்கு ஒன்று விரைவில் விளங்கிவிடும். ஞாயிறு திருப்பலியில் ஆண்கள் பகுதியில் முதியோரும் சிறுவருமே நிறைந்திருப்பர். இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோர் குறைவு. அவர்களுள் சிலர் ஆழ்கடலில் இருப்பர். ஏனையோர் துபாயிலோ, தோஹாவிலோ, குவைத்திலோ, சவூதியின் தமாமிலோ இருப்பர். திருவிழாக் காணிக்கையில் அவர்களுடைய வியர்வை உண்டு. தேர்ப்பவனியில் அவர்களுடைய தோள் இல்லை.

மாதந்தோறும் பயணத்துக்கு முன் இளைஞர் சிலர் நம்மிடம் வருகின்றனர். ஆசீர் கேட்பர். ஆசீர் அளிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆயினும் அவர்களை அமரச் செய்து சில கேள்விகள் கேட்பதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். பல ஆண்டுகளாக விமானம் ஏறியவர்களையும், திரும்பி வந்தவர்களையும், பெட்டியில் கொண்டுவரப்பட்டவர்களையும் கண்ட பிறகு எழுந்த கேள்விகள் இவை. அவற்றை இங்கே எழுதிவைப்பது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என எண்ணுகிறோம்.

முதற்கேள்வி: "தம்பி, எந்த விசாவில் போகிறாய்?"

"இப்போதைக்கு விசிட் விசா, அங்கே போனதும் மாற்றித் தருவார்கள்" என்று விடை வந்தால், பயணத்தைத் தள்ளிப்போடு என்றே நாம் சொல்கிறோம். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்பவன் அந்நாட்டின் பார்வையில் குற்றவாளி. ஊதியம் கிடைக்காவிடில் முறையிடவும் அவனுக்கு வழியில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி, ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றோரின் பட்டியலை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு, வளைகுடா நாடுகள் உட்படப் பதினெட்டு நாடுகளுக்குச் சென்று வேலை செய்யக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அவ்வலுவலகம் சென்னையில் உண்டு. இதைத் தொல்லை என்று கருதிக் குறுக்குவழி தேடுவோர், தங்களுக்காகக் கட்டப்பட்ட வேலியைத் தாங்களே பிடுங்கி எறிகின்றனர். தமிழக அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றும் சென்னையில் இயங்கிவருகிறது. முகவரைத் தேடுமுன் அங்கும் விசாரிக்கலாம்.

கணினி வேலை, கைநிறைய ஊதியம் என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதும், 2022-இல் அவர்களுள் சிலர் மீட்கப்பட்டு ஊர் திரும்பியதும் நாளேடுகளில் வந்த செய்தி. அவர்கள் படித்த பிள்ளைகள். ஆகவே படிப்பு மட்டும் காவலாகாது, விசாரிப்பும் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: "எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறாய்?"

முகவர் பெறக்கூடிய கட்டணத்துக்குச் சட்டம் வகுத்த வரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. ஆனால் இலட்சத்துக்கு மேல் கொடுத்தவர்களே நம்மிடம் வருவோரில் மிகுதி. ரசீது உண்டா என்று கேட்டால் இல்லை என்பர். ஒருவன் 1,50,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவனுக்கு மாதம் 25,000 ரூபாய் ஊதியம். உணவுக்கும் கைப்பேசிக்கும் 8,000 போக மீதி 17,000. வீட்டுக்கு ஒரு காசும் அனுப்பாமல் முழுவதையும் கட்டினாலும் கடன் தீரப் பத்து மாதங்களுக்கு மேலாகும். வீட்டுச் செலவுக்கென்று மாதம் 8,000 அனுப்பினாலோ, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அதாவது ஒப்பந்தக் காலம் முழுவதும் வட்டிக்காரருக்கே உழைத்தவனாவான். இக்கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டும்போது இளைஞரைவிட அவர்களுடைய தந்தையரே அதிகம் திகைக்கின்றனர். பயணத்துக்கு முன்பே வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து இக்கணக்கைப் போடுங்கள்.

அடுத்து, காகிதங்கள். கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம், காப்புறுதி ஆகியவற்றின் நகல் ஒரு கட்டு வீட்டில் இருக்கட்டும். குடிபெயர்வோர் அனுமதியோடு செல்வோருக்கு அரசு ஏற்படுத்தியுள்ள காப்புறுதிக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம் 275 ரூபாய். விபத்தில் இறப்போ நிலையான ஊனமோ நேர்ந்தால் பத்து இலட்சம் ரூபாய் கிடைக்கும். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் போன்ற நாடுகளின் சட்டப்படியே தவறு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். முறையான மாற்றம் இன்றி வேலையிடத்தை விட்டு ஓடுவதும் பெருந்தவறு. சவூதியில் அதற்கு 'ஹுரூப்' என்று பெயர். அப்பட்டம் விழுந்தவன் வேலைக்கும் உதவான், எளிதில் ஊருக்கும் வர இயலான்.

தாய்மாருக்கு ஒரு சொல். மகனுக்கென்று அன்போடு கட்டித் தரும் பொட்டலங்களில் கசகசாவோ, கசகசா சேர்த்து அரைத்த மசாலாவோ இருத்தல் ஆகாது. நமக்கு அது குழம்புப் பொருள். வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் பட்டியலில் அடங்கும். அதற்காகச் சிறை சென்றோர் உண்டு. டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளும் அவ்வாறே. மருத்துவர் சீட்டின்றி எம்மருந்தும் வேண்டாம். அந்நாட்டின் முன் அனுமதி வேண்டிய மருந்துகளும் உள்ளன. அயலார் "என் மச்சானிடம் கொடுத்துவிடு" என்று தரும் பொட்டலத்தைத் திறந்து பாராமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

அங்கே சென்றபின் முதற்பகை வெயில். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை உண்டு. கத்தாரில் ஜூன் முதல் தேதியிலிருந்தே காலை 10 முதல் பிற்பகல் 3:30 வரை அத்தடை நிலவுகிறது. தாகம் எடுக்குமுன் நீர் அருந்தப் பழகுங்கள்.

இரண்டாவது, தங்குமிடம். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பற்றி ஐம்பது பேர் மாண்டனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் இந்தியர்; எழுவர் நம் தமிழகத்தார். உறக்கத்தில் இருந்தோரைத் தீயைவிடப் புகையே மிகுதியாகக் கொன்றது. ஆகவே புதிய அறையில் குடியேறும் முதல் இரவிலேயே படிக்கட்டு எங்கே, வெளியேறும் கதவு எங்கே, அது பூட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலருகே அடுப்பு வேண்டாம். மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குவைத்திலும் சவூதியிலும் மது விலக்கு உண்டு. மறைவில் காய்ச்சுவதைக் குடிப்பவன் சட்டத்தோடு தன் உயிரையும் பணயம் வைக்கிறான். 2025 ஆகஸ்டில் குவைத்தில் நச்சுச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் இறந்தனர்.

மீன்பிடிப் படகுகளில் வேலைக்குச் செல்லும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடல் எல்லையும் ஓர் அபாயம். பஹ்ரைன், சவூதி, கத்தார், ஈரான் ஆகியவற்றின் கடல்கள் நெருங்கிக் கிடப்பவை. முதலாளி மீனைத் தேடி எல்லை தாண்டச் சொன்னாலும், பிடிபடுபவன் படகில் இருப்பவனே. பங்கு வீதத்தில் கூலி என்றால் அதையும் எழுத்தில் பெறுங்கள். 2020-இல் கொரோனாத் தொற்றின்போது ஈரானில் சிக்கிக்கொண்ட நம் மீனவர்கள், கூலியும் உணவும் இன்றி மாதக்கணக்கில் காத்திருந்து, அவ்வாண்டு ஜூலை முதல் தேதி ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியதைக் கடலோரப் பங்குகள் மறந்திருக்கமாட்டா.

பணத்தை வங்கி வழியாகவோ, உரிமம் பெற்ற பணமாற்று நிலையம் வழியாகவோ மட்டும் அனுப்புங்கள். உண்டியல் சற்று மிகுதியாகத் தருவதுபோல் தோன்றும். அது சட்டத்துக்குப் புறம்பு, காசு தொலைந்தால் கேட்க நாதியில்லை. ஊதியம் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். பணி முடிவில் கொடுக்கப்படும் பணிக்கொடையையும் கேட்டுப் பெறுங்கள்; அமீரகத்தில் ஓராண்டுப் பணி நிறைந்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகள்வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் உரியது. இதை அறியாமல் வெறுங்கையோடு திரும்பியோர் உண்டு.

இவையெல்லாம் சட்டமும் கணக்கும். ஆனால் நாம் கண்டவரையில் குடும்பங்களை வீழ்த்துவது இவற்றுள் எதுவும் அன்று. ஒருவருக்கொருவர் உண்மையை மறைப்பதே வீழ்த்துகிறது.

நம் பங்கு இளைஞன் ஒருவன் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சென்றான். எட்டு மாதங்கள் ஒழுங்காகப் பணம் வந்தது. பிறகு அந்நிறுவனம் ஊதியத்தை நிறுத்திவிட்டது. நான்கு மாதங்கள் அறைத்தோழர்கள் தந்த குப்பூஸ் ரொட்டியில் உயிர் வாழ்ந்தான். வீட்டுக்கோ, நண்பரிடம் கடன் வாங்கித் தொடர்ந்து அனுப்பினான். இங்கே தந்தை, மகன் இருக்கிறான் என்ற தைரியத்தில் மகளுக்குத் திருமணம் பேசி, வட்டிக்குப் பணம் வாங்கி நகைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். தாய்க்கு மட்டும் ஐயம் எழுந்தது. "சாமி, முன்பெல்லாம் போனில் அறையைச் சுற்றிக் காட்டுவான், இப்போது முகத்தை மட்டும் காட்டுகிறான், கன்னம் ஒட்டியிருக்கிறது" என்று வந்து சொன்னார். நாம் அழைத்துப் பேசினோம். நெடுநேரம் மௌனமாயிருந்து பின் அழுதான். "பசியைத் தாங்கிவிட்டேன் சாமி, வீட்டில் எல்லாரும் சந்தோஷமாய் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை" என்றான்.

அவ்வூர் ஆலயத்தின் தமிழ் அன்பர்கள் அவனைத் தூதரகத்துக்கு அழைத்துச் சென்றனர். தொழிலாளர் அலுவலகத்தில் முறையீடு பதிவாயிற்று. இரண்டு மாத ஊதியமும் திரும்பும் பயணச்சீட்டும் மட்டுமே கிடைத்தன. திருமணம் ஏழு மாதம் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் தந்தை உள்ளதைச் சொன்னார், அவர்கள் ஏற்றுக்கொண்டனர். பாதி நகையோடு நம் ஆலயத்தில் எளிய முறையில் அத்திருமணம் நடந்தது. கடன் இன்றும் முழுதும் தீரவில்லை. ஆனால் மகன் வீட்டில் இருக்கிறான்.

பெற்றோரே, தொலைபேசியில் "பணம் போட்டாயா?" என்பதற்கு முன் "சாப்பிட்டாயா? சம்பளம் வந்ததா?" என்று கேளுங்கள். தீய செய்தி சொன்னால் திட்டமாட்டோம் என்ற உறுதியை, அவன் புறப்படுமுன்பே கொடுத்து அனுப்புங்கள். மனைவியை விட்டுச் செல்வோர், அவள் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கி, வீட்டுப் பொறுப்பையும் அவளிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் அவளை மாமியாரிடம் கையேந்த விடாதீர்கள்.

இடர் நேர்ந்தால் இந்தியத் தூதரகமே முதற்புகலிடம். துன்புறும் இந்தியருக்கு உதவவும், இறந்தோரின் உடலைக் கொண்டுவரவும் 2009 முதல் தூதரகங்களில் நல நிதி ஒன்று உள்ளது. 2015-இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் வீட்டார் இங்கிருந்தே முறையிடலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையும் உண்டு.

ஆன்ம வாழ்வைப் பற்றி ஒரு சொல். துபாய், அபுதாபி, தோஹா, குவைத், பஹ்ரைன் ஆகிய இடங்களில் ஆலயங்கள் உண்டு. துபாய் புனித மரியா ஆலயத்தில் தமிழிலும் திருப்பலி நிறைவேறுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை நாளாக உள்ள நாடுகளில் ஞாயிறு வழிபாட்டை அன்றே நிறைவேற்றத் திருச்சபை இடமளித்துள்ளது. 2019 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அபுதாபியில் நிறைவேற்றிய திருப்பலியில் திரண்டோருள் மிகப்பலர் நம்மைப்போல் வேலை தேடிச் சென்றவர்களே. சவூதியில் ஆலயம் இல்லை; பொது வழிபாட்டுக்கும் இடமில்லை. அங்கே செபமாலையை விரல்களில் எண்ணுங்கள். இங்கே இரவு எட்டு மணிக்குக் குடும்ப செபம் சொல்லும்போது அங்கே மாலை ஐந்தரை. வேலை முடியும் நேரம். அந்த ஒரு பத்து மணியையாவது இரு பக்கமும் சேர்ந்து சொல்லலாம். ஆலயம் செல்ல இயலும் ஊர்களிலோ, போகாமல் இருந்துவிடாதீர்கள். துன்பம் வந்த நாளில் நம் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூதரகத்துக்கு அழைத்துச் சென்றவர்கள் அந்த ஆலயத்து மக்களே.

நாம் கேட்கும் கடைசிக் கேள்வி: "எப்போது திரும்புவாய்?" பலர் சிரிக்கின்றனர். ஆயினும் எழுதிவையுங்கள்: இன்ன கடனைத் தீர்க்க, இவ்வளவு சேர்க்க, இத்தனை ஆண்டுகள். இலக்கு எழுதப்படாவிடில், வீட்டுக்கு ஒரு மாடி, மாடிக்கு ஒரு பளிங்குத் தளம் என்று அது நீண்டுகொண்டே போகும். பிள்ளைகள் தந்தையைக் கைப்பேசியில் மட்டுமே அறிந்து வளர்வர்.

திருக்குடும்பமும் ஒருகாலத்தில் அயல்நாட்டில் பிழைத்த குடும்பம். சூசையப்பர் எகிப்துக்குத் தாயையும் பிள்ளையையும் அழைத்துச் சென்றார். காலம் வந்தபோது நாசரேத்துக்குத் திருப்பி அழைத்தும் வந்தார். அவருடைய பாதுகாவலில் நம் பங்குப் பிள்ளைகள் அனைவரையும் ஒப்படைக்கிறோம். அடுத்த விமானத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்போர், இவ்விதழை மூடுமுன் தங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.