நோவு குறைந்த பிறகும் விடாதவருக்கு

அன்புள்ள டொக்டருக்கு,

உங்கள் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்றீர்கள். போடவில்லை. ஸ்காபரோவில் கழுத்து நோவோடு கைரோபிராக்டரிடம் போய்வருகிற எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சிவப்பு விளக்கில் நின்ற என் காரைப் பின்னால் வந்த வாகனம் இடித்த கதையை விடுவோம். முதல் கிழமைகளில் நீங்கள் தந்த ஆறுதலுக்கு அப்போதே கைபிடித்து நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் அதற்கு அடுத்து வந்த காலத்துக்கானது. தலை திரும்புகிறது, நித்திரை வருகிறது, ஆனால் பொழுதுபட்டால் பிடரி இறுகுகிறது. சுகம் என்றும் சொல்ல முடியாது, வருத்தம் என்றும் சொல்ல முடியாது. வீட்டில்கூட "இப்ப எப்பிடி?" என்று கேட்பதை விட்டுவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் கழுத்தை நெட்டி முறிப்பதைக் குறைத்தீர்கள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அந்தச் சத்தம் கேட்டால்தானே வைத்தியம் நடந்தது மாதிரி இருக்கும்! சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியால் வருவது, எலும்பு இடத்துக்கு வந்ததற்கு அத்தாட்சி அல்ல என்றீர்கள். குணமாவது வேறு விதம்: காயப்பட்ட தசைநாரில் உடம்பு முதலில் கொலாஜன் இழைகளைத் தாறுமாறாகப் போட்டு ஒட்டிவிடும். அளவான பாரமும் அசைவும் கிடைத்தால்தான் அவை இழுவை வரும் திசைக்கு ஒழுங்காகும். அதற்கு மாதக்கணக்கில் செல்லும். நோவு போவது இதற்கெல்லாம் முன்னரே நடந்துவிடுகிறது. இந்த இடைக்காலத்தின் சிக்கலே அதுதான்.

1895இல் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டில் உங்கள் கைரோபிராக்டிக் தொழிலைத் தொடங்கிய டி. டி. பாமர், பெரும்பாலான நோய்களுக்கு முள்ளந்தண்டு எலும்பு விலகுவதே காரணம் என்று நம்பியவர். "அதைப் படித்தேன், நம்பவில்லை" என்று நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறது. கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்குப் பின் அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருப்பதையும் முதல் நாளே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினீர்கள். தன் தொழிலைப் பற்றி இப்படிப் பேசுகிறவரை நம்பலாம் என்று அன்றே முடிவெடுத்தேன்.

நெட்டி முறிப்பதைக் குறைத்த பிறகு வந்தது அந்தச் சலிப்பூட்டும் பயிற்சி. மல்லாந்து படுத்து, பிடரிக்குக் கீழே துவாய் வைத்து, "ஓம்" என்பதுபோல நாடியை மெல்ல உள்ளே இழுத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். பார்க்கிறவருக்கு நான் ஒன்றும் செய்யாமல் கிடப்பதாகத்தான் தோன்றும். கழுத்தின் வெளித்தசை களவாக வேலை செய்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தபடி நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள்.

காப்புறுதிக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் சிறு காயம் என்று வகுத்துவிட்டால் உச்சவரம்பு 3,500 டொலர். அதற்குள் சிகிச்சைக்கு 12 கிழமை: முதல் நான்குக்கு 775, அடுத்த நான்குக்கு 500, கடைசி நான்குக்கு 225. காசு இறங்க இறங்க நீங்கள் எனக்குத் தந்த நேரம் ஏறியது. வியாபாரம் தெரிந்தவர் செய்கிற வேலையா இது?

இப்போது காரைப் பின்னுக்கு எடுக்கும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறேன். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டியிலும் சிவப்பிலிருந்து அதைவிட இறுக்கமான பச்சைக்கு வந்தாயிற்று. பச்சையே பல்லைக் கடிக்க வைக்கிறது, பிள்ளை. நீலத்துக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்