தண்ணீரூற்றில் ஒரு சொல்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், முள்ளியவளையை ஒட்டி இருக்கிறது தண்ணீரூற்று. இயற்கையாக நீர் ஊறும் இடம் என்பதால் வந்த பெயர். இங்குள்ள பிள்ளையாரும் ஊற்றங்கரைப் பிள்ளையார்தான்.

'ஊறு' என்ற அந்தச் சின்ன வினைச்சொல் நம் வீட்டுக்குள்ளும் நிறைந்திருக்கிறது. தோசைக்கு உளுந்து ஊறுகிறது. உப்பில் தேசிக்காய் ஊறினால் ஊறுகாய். புளியங்காயைக் கண்டால் வாயூறுகிறது. பிள்ளை குடிக்கக் குடிக்கத் தாய்ப்பால் ஊறுகிறது. 'ஊற்று' என்றால் நாம் வார்ப்பது. 'ஊறு' என்றால் தானாக, மெல்ல மெல்ல நடப்பது. அதை அவசரப்படுத்த முடியாது.

அதே எழுத்துகளில் வேறொரு சொல்லும் உண்டு. அந்த 'ஊறு' என்றால் தீங்கு. இடையூறு என்கிறோமே, அதுதான். இரண்டையும் வன்னி மண் நன்றாக அறியும். 2009இல் போர் முடிந்த பின்னர் முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்குப் பல இடங்களில் பாழடைந்த கிணறுகளே மிஞ்சியிருந்தன. அழுக்கு நீரையும் சேற்றையும் இறைத்து வெளியேற்றிய பிறகுதான் அவற்றில் நல்ல நீர் ஊறியது.

மனமும் அப்படித்தான், சகோதரிகளே. உள்ளே தேங்கிக் கிடக்கும் துயரை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி இறைத்துவிடுங்கள். தெம்பு ஒரே நாளில் வராது. மெல்ல மெல்ல ஊறும்.