வாக்கில்லாத ஊரின் வேட்பாளர்

கென்யாவின் மேற்குப் பகுதியில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு நகரிலிருந்து கொகேலோ என்னும் சிற்றூருக்குச் செல்லும் சாலை, மசேனோ என்ற இடத்தில் நிலநடுக்கோட்டைக் கடந்து, மக்காச்சோளக் கொல்லைகளின் ஊடே சியாயா வட்டாரத்துக்குள் நுழைகிறது. இத்தடத்தில் பயணிகளை ஏற்றிச் செல்பவை மட்டாட்டு எனப்படும் தனியார் சிற்றுந்துகள். கால்பந்து வீரர்களின் முகங்களையும் பாடகர்களின் முகங்களையும் பக்கவாட்டில் தீட்டிக்கொள்வது அவற்றின் வழக்கம். 2008ஆம் ஆண்டில் அவ்வரிசையில் அமெரிக்க நாட்டுச் செனட்டர் ஒருவரின் முகமும் இடம்பிடித்தது.

அந்தச் செனட்டர் பராக் ஒபாமா பிறந்தது ஹவாயில் என்றாலும், இவ்வட்டாரத்து மக்களாகிய லுவோ இனத்தாருக்கு அது பெரிதன்று; தந்தை எக்குலமோ பிள்ளையும் அக்குலம் என்பதே அவர்கள் மரபு. 1982இல் நைரோபியில் கார் விபத்தில் இறந்த அவர் தந்தையின் கல்லறை கொகேலோவில், குடும்ப வீட்டின் முற்றத்திலேயே, பாட்டனாரின் கல்லறைக்கு அருகில் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஒபாமா இங்கு வந்து சென்றதையொட்டி ஊரின் தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் 'செனட்டர் ஒபாமா' என்ற பெயரை ஏற்றன. பின்னர் அவர் நாட்டின் தலைமைப் பதவிக்கே உயர்ந்தும் பள்ளிகள் அவரைச் செனட்டராகவே வைத்திருந்தன. ஏழைகளுக்கென 2004இல் மலிவு விலையில் விற்பனைக்கு வந்த 'செனட்டர்' என்னும் பீருக்கும் ஒபாமா என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. 

இப்பள்ளிகளிலும் கிசுமுவின் தெருக்களிலும் 2008இல் பதின்வயதினரிடம் பொங்கிய உற்சாகத்தை, அயல்நாட்டு நட்சத்திரம் ஒருவர் மீதான மோகம் என்று எண்ணுவது பிழை. 2007 டிசம்பர் 27 அன்று நடந்த கென்யத் தேர்தலில் லுவோ தலைவர் ரைலா ஒடிங்கா, பதவியிலிருந்த முவாய் கிபாக்கியிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டதும், வாக்கு எண்ணிக்கையில் மோசடி நடந்தது என்ற குற்றச்சாட்டு கலவரமாக வெடித்து, நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடைகள் எரிந்து சாம்பலான நகரங்களில் கிசுமுவும் ஒன்று. அதே வாரத்தில், 2008 ஜனவரி 3 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நெடிய தொடரின் முதற்கட்டமான அயோவா மாநிலத் தேர்தலில் ஒபாமா வென்றார். அடுத்த கட்டமான நியூ ஹாம்ப்ஷையர் பிரசாரத்துக்கு நடுவே அவர் ஒடிங்காவுடன் தொலைபேசியில் பேசி அமைதியை வலியுறுத்தியதும் நடந்தது. சொந்த நாட்டில் வாக்குச்சீட்டு எண்ணப்படும் விதத்தின் மீது நம்பிக்கை இழந்த ஒரு தலைமுறை, பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் எண்ணப்பட்ட வாக்குச்சீட்டுகளை நம்பத் தொடங்கியது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. லுவோ ஒருவர் கென்யாவை ஆள்வதற்கு முன் அமெரிக்காவை ஆண்டுவிடுவார் என்ற கேலி நாடு முழுவதும் புழங்கிற்று. சிரித்தவர்களில் லுவோ மக்களும் இருந்தனர்.

பதினாறு வயது மாணவர் ஒருவருக்கு அன்று கென்யாவிலும் வாக்கில்லை, அமெரிக்காவிலும் வாக்கில்லை. அமெரிக்கச் சட்டமோ அயல்நாட்டார் வேட்பாளருக்கு நன்கொடை அளிப்பதைத் தடைசெய்கிறது. பிரசாரக் குழுவிடம் சட்டையோ தொப்பியோ விலைக்கு வாங்குவதும் நன்கொடைக் கணக்கிலேயே சேரும். ஆகவே ஒபாமாவின் முகம் பதித்து கிசுமு சந்தையில் விற்ற சட்டைகள் உள்ளூர் வணிகர்களின் சரக்கு. வேட்பாளரின் கருவூலத்துக்கு அவற்றால் ஒரு காசும் சேரவில்லை. பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கங்கா என்னும் அச்சிட்ட துணியின் ஓரத்தில் பழமொழியோ வாழ்த்தோ பொறிப்பது கிழக்கு ஆப்பிரிக்க வழக்கம். நடுவில் ஒபாமாவின் உருவமும் ஓரத்தில் சுவாஹிலி மொழியில் வாழ்த்துமாக வந்த கங்காவும் அப்படி உள்ளூர்த் தேவைக்குப் பிறந்ததே.

2008 நவம்பர் 4 இரவு 11 மணிக்கு வாஷிங்டனில் ஒபாமா வென்றார் என்ற தேர்தல் முடிவு தெரிந்தபோது கொகேலோவில் மறுநாள் காலை 7 மணி. தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் ஆடிப்பாடி ஊர்வலம் புறப்பட்டனர். குடியரசுத் தலைவர் முவாய் கிபாக்கி நவம்பர் 6ஆம் நாளை நாடு தழுவிய விடுமுறையாக அறிவித்தார். பத்து மாதங்களுக்கு முன் லுவோ மக்களின் சினத்துக்கு இலக்கான அதே தலைவர் வழங்கிய விடுமுறை அது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சில நாட்களிலேயே ஒபாமாவின் மாற்றாந்தாய்ப் பாட்டி சாரா ஒபாமாவின் வீட்டுக்கு மின்கம்பி வந்து சேர்ந்தது. அமெரிக்கர்கள் போட்ட வாக்குக்குக் கொகேலோ கண்ட கைமேல் பலன் அந்த மின்சாரம்தான். அதையும் கொடுத்தது கென்ய அரசே.

பதவியிலிருந்தபோது 2015இல் கென்யா வந்த ஒபாமா நைரோபியோடு திரும்பினார். கொகேலோவுக்கு அவர் வந்தது பதவி முடிந்த பின்பு, 2018 ஜூலையில், சகோதரி அவுமா நிறுவிய இளைஞர் மையத்தைத் திறந்துவைக்கத்தான். 2008இல் வாக்கில்லாத மாணவர்களாக இருந்தவர்கள் 2013க்குள் வாக்காளர்களாகி, அவ்வாண்டிலும் 2017, 2022 தேர்தல்களிலும் ஒடிங்கா களத்தில் நிற்கக் கண்டனர். மூன்றிலும் அவர் வென்றதாக அறிவிக்கப்படவில்லை. ஐந்து முறை போட்டியிட்ட அவர் 2025 அக்டோபரில் கேரளத்தில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தபோது காலமானார். விடுதலைக்குப் பின் கென்யா இதுவரை ஐந்து குடியரசுத் தலைவர்களைக் கண்டிருக்கிறது. அவர்களில் ஒருவரும் லுவோ அல்லர்.