குதிரைச் சக்தியும் கொல்லிமலையும்

பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரம் போதிப்பவனிடம் ஜனங்கள் கேட்கும் கேள்விகளுக்கு எல்லையே கிடையாது. மழை வருமா என்று கேட்பார்கள். மின்சார விசிறி ஏன் முனகுகிறது என்று கேட்பார்கள். நாமக்கல்லில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகன் கேட்டதோ கொஞ்சம் விலையுயர்ந்த கேள்வி. நாலு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, ஓட்டும்போது உள்ளம் குதூகலிக்கும்படியான மோட்டார் ஒன்று வாங்க வேண்டுமாம். கைமாறிய வண்டியாயினும் பாதகமில்லையாம். "பெரியப்பா, ஸ்விஃப்ட், போலோ, அபார்த் புன்டோ மூன்றில் எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றான். அவன் தகப்பனாரோ, வாங்கும்போதே விற்கும் விலையை யோசிப்பவர். ஸ்விஃப்டைத் தவிர வேறு பெயர் அவர் காதில் ஏறாது.

முதலில் குதிரைகளைக் கணக்கிடுவோம். 2018-ம் வருஷத்து ஸ்விஃப்டுக்கு 83 குதிரைச் சக்தி. எடை சுமார் 870 கிலோ. 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.க்கு 105, எடை சுமார் 1,100 கிலோ. வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் டன்னுக்கு ஏறக்குறைய 95 குதிரைகள்தாம்! அப்படியானால் இரண்டும் சமந்தானே என்று கேட்கலாம். சமமல்ல. என்ஜின் தன் அச்சைத் திருகும் வலு என்று ஒன்று இருக்கிறது. ஸ்விஃப்டில் அது 113 நியூட்டன் மீட்டர். டர்போ பொருத்திய போலோவில் 175. அதுவும், என்ஜின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்துவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் தணித்து மறுபடி ஏற வேண்டியவனுக்கு இந்த வித்தியாசம் பாதத்தின் கீழேயே தெரியும்.

இதனால் ஸ்விஃப்டை இளப்பமாக எண்ணலாகாது. உடல் லேசாகையால் வளைவுகளில் கன்றுக்குட்டியைப் போல் துள்ளித் திரும்பும். பெட்ரோல் செலவு, உதிரிப் பாகம், மறுவிற்பனை எல்லாவற்றிலும் தம்பியின் கட்சிக்கே ஜயம். ஆனால் 2018-ல் குளோபல் என்.சி.ஏ.பி. ஸ்தாபனத்தார் அதைச் சுவரில் மோதவிட்டுப் பரீட்சித்தபோது 2 நட்சத்திரமே கொடுத்தார்கள். போலோவின் கதை விசித்திரமானது. 2014-ல் காற்றுப் பை இல்லாத போலோ வாங்கிய மார்க்கு பூஜ்யம். இரண்டு காற்றுப் பைகளுடன் வந்தது 4 நட்சத்திரம் வாங்கிற்று. பெயரை மட்டும் கேட்டு வண்டி வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பையனின் மனம் உண்மையில் லயித்திருந்தது, தேள் சின்னம் தாங்கிய அபார்த் புன்டோவில். ஃபியட் கம்பெனியார் 2015-ல் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக 145 குதிரைகளைக் கொடுத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அதன் ஸ்டியரிங், சாலையில் நடப்பதையெல்லாம் உள்ளங்கையில் வந்து சொல்லும். இன்றும் அதன் பெயரைச் சொன்னால் மோட்டார்ப் பிரியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். விட்டு என்ன? ஃபியட் பெயரில் நம் நாட்டில் கார் விற்பது நின்று வருஷங்களாகிவிட்டன. மோதலில் ஒரு விளக்கு உடைந்தால் அதற்காக ஊர் ஊராக அலைய வேண்டும். வசதியுள்ளவன் இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே வண்டியில் ஆபீஸ் போக வேண்டியவனுக்கு அந்தக் கீர்த்தி கட்டுப்படியாகாது.

ஆகவே போலோதான். அதிலும் ஒரு சங்கடம். பழைய ஜி.டி.யில் இருப்பது இரட்டைக் கிளட்சு கொண்ட தானியங்கிக் கியர்பெட்டி. திறந்த சாலையில் அற்புதமாக மாறும். நெரிசலில் சூடேறித் தொந்தரவு கொடுக்கும் என்றும், பழுது பார்த்தால் பை காலியாகும் என்றும் பெயரெடுத்தது. 2020-ல் வந்த ஒரு லிட்டர் டர்போ போலோவிலோ கையால் மாற்றும் ஆறு கியர், 110 குதிரை, அதே 175 வலு. போலோ 2022-ல் நின்றுபோனாலும், கம்பெனியும் அதன் பட்டறைகளும் இங்கேயே இருக்கின்றன.

அதையே தேடச் சொல்லி எழுதினேன். கூடவே, பார்க்கப் போகும்போது பாட்டுப் பெட்டியை ரசிக்காமல் குனிந்து டயரின் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே உள்ள நாலு இலக்கங்களில் முன் இரண்டும் செய்த வாரம், பின் இரண்டும் வருஷம். டயர் கிழடாக இருந்தால், புது டயர் நாலின் கிரயத்தை வண்டியின் விலையில் கழித்துப் பேச வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.